கொத்து மல்லாட்டை போட்ட வருஷம்

அந்த ஆனி மாதத்தில் என் கணவரும் அவருடைய அண்ணனும் பேச்சை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் அது. டவுனை ஒட்டிய சாரத்தில் ஒரே வாடகை வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்தோம். அடுப்பும் ஒன்றுதான். இருவருக்கும் ஒரே மில்லில் வேலை. அண்ணனுக்குக் காலை ஷிப்டு, இவருக்கு மதிய ஷிப்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலம் ஓடியது.

மாசியில் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. பத்து நாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் மில் வாசலில் நின்றார்கள். பதினோராவது நாள் அண்ணன் உள்ளே போய்விட்டார். இவர் வெளியே கூட்டத்தோடு நின்று அதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் எல்லோருமே உள்ளே போனார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. வீட்டில் யாரும் கத்தவில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறியவில்லை. பேச்சு மட்டும் நின்றது.

நிலம் மூன்று காணி, ஊருக்கு வடமேற்கே ஒரு கிராமத்தில். செம்மண், பாதி கிணற்றோடு. பாதி கிணறு என்றால் தண்ணீர் இறைப்பதில் பக்கத்து நிலத்துக்காரருக்கும் எங்களுக்கும் நாள் முறை. மாமனார் இருந்தவரை என்ன பயிர் வைப்பது என்று அவர்தான் சொல்வார். அவர் போன பிறகு இரண்டு வருஷம் அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் கேட்பார்கள் என்று நினைத்ததில்லை.

மாட்டையும் கலப்பையையும் வைத்துக்கொண்டு எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் மாமனாருக்குத் தம்பி முறை. உழவு மாமா என்று சொல்வோம். ஆனி பிறந்த முதல் ஞாயிறு அவர் சந்தைக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். தெருப் பக்கம் அண்ணன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லையில் இவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உழவு மாமா நடுவில் நின்று, இந்த வருஷம் என்ன போடுவது என்று பொதுவாகக் கேட்டார். அண்ணன் பேப்பரைத் திருப்பினார், இவர் பெடலைச் சுற்றினார். அடுத்த ஞாயிறு வருகிறேன், அதற்குள் சொன்னால் விதை பார்க்கத் தோதாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்துதான் நானும் என் ஓரகத்தியும் சேதி கொண்டுபோக ஆரம்பித்தோம். அவள் அண்ணனின் மனைவி. என்னைவிட ஆறு வயது பெரியவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். திண்டிவனம் பக்கத்துப் பெண். ஏர் பின்னால் விதை போட்டு வளர்ந்தவள். நான் டவுனில் பிறந்தவள். என் அப்பாவும் மில் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்ணுக்குள் காய்க்கும் என்று தெரியும், ஆனால் அந்தச் செடியைப் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பெரிய சிநேகமும் இல்லை, பகையும் இல்லை. ஒரு அடுப்பில் சமைத்தோம், அவ்வளவுதான்.

அண்ணனின் எண்ணம் மூன்று காணியும் கொடி மல்லாட்டை. மாமனார் காலத்து வழக்கம் அது. மார்கழியில் காயை விற்றால் ஒரே கையில் பணம் வரும். இவருடைய எண்ணம் வேறு. இரண்டு காணி கேழ்வரகு, ஒரு காணி மட்டும் மல்லாட்டை. அன்று இரவு சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்:

“மில்லு மூடியிருந்தப்ப இந்த வூட்டைக் காப்பாத்தினது மூலையில இருந்த கேழ்வரகு மூட்டதான். அத அவரு மறந்துட்டாரு. போய்ச் சொல்லு.”

நான் போய் ஓரகத்தியிடம், இவர் இரண்டு காணி கேழ்வரகு வேண்டும் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அவள் தன் கணவரிடம் சொன்னாள். மறுநாள் அவள் கொண்டுவந்த பதில், பெரியவர் யோசிக்கலாம் என்கிறார் என்பது. அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. குழாயடியில் தண்ணீர் வரக் காத்துக்கொண்டிருந்தபோது நான் மறைத்ததை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, தான் மறைத்ததைச் சொன்னாள். வாசலில் நின்று கோஷம் போட்டால் கேழ்வரகுக் களிதான் கிடைக்கும், அதைப் பயிர் வைத்துத் தின்னட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“இத இப்படியே ஓட்ட முடியாது” என்று அவள் சொன்னாள். “ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே கொண்டு போனா நெலம் தரிசாத்தான் கெடக்கும்.”

குழாயடியில்தான் அவள் கொத்து மல்லாட்டையைப் பற்றிச் சொன்னாள். கொடி மல்லாட்டை படர்ந்து, நாலரை மாதம் நிலத்தை வைத்துக்கொள்ளும். கொத்து மல்லாட்டை நிமிர்ந்து வளரும், மூன்றரை மாதத்தில் பிடுங்கிவிடலாம். அவள் அண்ணன் திண்டிவனம் பக்கம் நான்கு வருஷமாக அதைத்தான் போடுகிறார். ஆடியில் மூன்று காணியும் கொத்து மல்லாட்டை போட்டு ஐப்பசியில் பிடுங்கிவிட்டால், அந்த ஈரத்திலேயே கேழ்வரகு நடலாம். அண்ணன் கேட்ட மல்லாட்டையும் ஆயிற்று, தம்பி கேட்ட கேழ்வரகும் ஆயிற்று. எனக்கு அது கணக்குப் போல சரியாக வந்தது. சரி என்றேன்.

முன்பெல்லாம் அந்த விதையை அவள் அண்ணன் கொண்டுவந்திருக்க முடியாது. பிரெஞ்சு எல்லை துண்டு துண்டாக இருந்ததால், எங்கள் நிலத்துக்குப் போகவே நடுவில் இந்தியப் பக்கத்து ரோட்டைக் கடக்க வேண்டும். கடக்கும் இடத்திலெல்லாம் சுங்கக்காரர்கள் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். தங்கச்சி வீட்டுக்கு ஒரு படி பயறு கொண்டுவந்ததற்கு அவரை வெயிலில் அரை நாள் உட்கார வைத்திருக்கிறார்கள். கொடி மாறியதும் அந்தச் சாவடிகள் போய்விட்டன. யோசனைக்கு அதுவும் ஒரு காரணம். கொண்டுவர முடிந்தது, அதனால் கொண்டுவர நினைத்தாள்.

அவள் தன் கணவரிடம், தம்பி ஒத்துக்கொண்டார், மூன்று காணியும் மல்லாட்டைதான், ஆனால் கொத்து போடலாம் என்கிறார் என்று சொன்னாள். நான் இவரிடம், அண்ணன் இறங்கி வந்துவிட்டார், சீக்கிரம் பிடுங்கும் கொத்து மல்லாட்டை போட்டுவிட்டுப் பின்னாடியே மூன்று காணியும் கேழ்வரகு நட்டுக்கொள்ளட்டும் என்கிறார் என்று சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். இருவருக்குமே தாங்கள் ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இவர் அன்று குருசுக்குப்பத்து மீன்காரியிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு உழவு மாமாவிடம் நாங்கள்தான் சொன்னோம். அவர் உடனே தலையாட்டவில்லை. கொத்து மல்லாட்டை முற்றின பிறகு மழையைப் பார்த்தால் கொடி மாதிரித் தாங்கி நிற்காது, ஐப்பசி மழை எந்தத் தேதியில் வரும் என்று யார் கண்டது என்றார். பிறகு ஓரகத்தியைப் பார்த்துக் கேட்டார்.

“ரெண்டு பேரும் சேந்து சொன்னதுதானா?”

“ஆமா மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன்.

விதை எட்டு மூட்டை வண்டியில் வந்து இறங்கியது. ஓரகத்தியின் அண்ணன் வண்டியை விட்டு இறங்கியதும், வழியில் ஒருத்தரும் நிறுத்தவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார். எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பெண்களெல்லாம் சேர்ந்து ஆறு நாள் காயை உடைத்தோம். பருப்பின் சிவப்புத் தோல் உரியக் கூடாது, உரிந்தால் முளைக்காது என்று ஓரகத்தி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். என் கட்டை விரல் நகம் பிளந்து, துணி சுற்றிக்கொண்டு உடைத்தேன். மழை தாமதமானதால் விதைப்பு ஆடி மூன்றாவது வாரத்துக்குப் போனது. அந்த ஒரு தாமதத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்த்திருந்தால் பிடுங்குகிற நாள் ஐப்பசிக் கடைசியில் விழும் என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை.

பயிர் நன்றாக வந்தது. ஆவணியில் மஞ்சள் பூ, புரட்டாசியில் பூவிலிருந்து மண்ணுக்குள் விழுது இறங்கியது. ஒரு ஞாயிறு அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், மறு ஞாயிறு இவர். இரண்டு பேரும் சேர்ந்து போகவில்லை. இவர் வந்து, அண்ணனுடைய யோசனை நல்ல யோசனைதான், கொத்து போட எப்படித் தோன்றியதோ என்றார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அண்ணனும் அதே மாதிரி தம்பியைப் பற்றிச் சொன்னதாக ஓரகத்தி சொன்னாள். நாங்கள் சிரித்தோம். ஒருவரை ஒருவர் நல்லபடியாக நினைக்கிறார்கள், அந்த நினைப்பு நாங்கள் செய்து கொடுத்தது.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. முதல் மூன்று நாள் ஊருக்கே சந்தோஷம். பிறகு விடவில்லை. தேங்காய்த்திட்டுப் பக்கம் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஓட்டு ஒழுக்குக்கு ஐந்து இடத்தில் பாத்திரம் வைத்தோம். மில்லுக்கு இருவரும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். மல்லாட்டையைப் பிடுங்க வேண்டிய நாள் வந்தது, போனது. ஒரு நாள் வெயில் அடித்தது. அன்று ஆள் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் அவரவர் வேலை இருந்தது. மறுபடி மழை.

கார்த்திகை முதல் ஞாயிறு காலையில் உழவு மாமா வந்தார். கோணிக்குள் ஈரத் துணியில் சுற்றி நாலைந்து செடி கொண்டுவந்திருந்தார். நடுக் கூடத்தில் அதைப் பிரித்து வைத்தார். வேரோடு மண் ஒட்டிய காய்கள். அவர் ஒவ்வொன்றாக விரலால் துடைத்தார். காயின் மூக்கைப் பிளந்துகொண்டு வெள்ளையாக முளை வெளியே வந்திருந்தது. சிலதில் அரை விரல் நீளம். செடியில் இருக்கும்போதே, மண்ணுக்குள்ளேயே முளைத்திருந்தது.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். இவர் கொல்லையிலிருந்து வந்து கதவு ஓரமாக நின்றார்.

அண்ணன் செடியைப் பார்த்தபடியே, கொடி போட்டிருந்தால் இது நடந்திருக்காது, யாரோ கொத்துதான் வேண்டும் என்றார்களே என்றார். இவர் என்னைப் பார்த்து, கேட்டது அவர்தானே, நீதானே வந்து சொன்னாய் என்றார். அண்ணன் உடனே தன் மனைவியைப் பார்த்தார். உழவு மாமா கோணியை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஓரகத்திதான் பேசினாள். குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை.

“நீங்களும் கேக்கல, கொழுந்தனாரும் கேக்கல. நாங்க ரெண்டு பேருந்தான் முடிவு பண்ணோம். நீங்க சொன்னத அவருகிட்ட சொல்லல, அவரு சொன்னத உங்ககிட்ட சொல்லல. சொல்ற மாதிரி இல்ல, அதான்.”

அண்ணன் அவளை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனாலும் நினைத்தேன். அவர் குனிந்து ஒரு காயை எடுத்து, உடைத்து, முளை விட்ட பருப்பை வாயில் போட்டு மென்றார். இவர் உழவு மாமாவிடம், எவ்வளவு தேறும் என்று கேட்டார். நாளைக்கே பிடுங்கினால் பாதி தேறும், நாள் போகப் போகக் குறையும், ஆள்தான் இல்லை என்றார் அவர்.

அப்போது அண்ணன் நிமிர்ந்து இவரைப் பார்த்துச் சொன்னார்:

“நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றியா?”

“வர்றேன்.”

மாசிக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

மறுநாள் விடியும்போதே நாங்கள் நான்கு பேரும் உழவு மாமாவின் வண்டியில் போனோம். தூறல் இருந்தது. ஈர மண் என்பதால் செடி இழுத்ததும் வந்தது. அண்ணன் ஒரு சால், தம்பி அடுத்த சால் என்று பிடுங்கிக்கொண்டே போனார்கள். நானும் ஓரகத்தியும் பின்னால் உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். முளை விட்டது ஒரு கூடை, விடாதது ஒரு கூடை. பகலில் கூழ் குடிக்கும்போது அண்ணன், வரப்பில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். இவர் ஆமாம் என்றார். மூன்று நாள் அப்படிப் போனது. மூன்று நாள் கூலி மில்லில் போனது. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பாதி கூடத் தேறவில்லை. முளை விடாத காயை விற்றோம். முளைத்ததை ஓட்டின் மேலும் தெருவிலும் காய வைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, செக்குக்குக் கொண்டுபோனோம். செக்குக்காரர் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் காறும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். காறத்தான் செய்தது. தை முடியும்வரை அந்த எண்ணெயில்தான் தாளித்தோம்.

நட வேண்டிய கேழ்வரகு நாற்று வாங்கவும் முடியவில்லை, நேரமும் தவறிவிட்டது. அதனால் கார்த்திகை நடுவில் மறுபடியும் அதே கேள்வி வந்தது. வெறும் நிலம், நிறைந்த கிணறு, என்ன போடுவது. அந்த ஞாயிறு ஐந்து பேராக உட்கார்ந்தோம். முதலில் நானும் ஓரகத்தியும் சமையல்கட்டிலேயே நின்றோம். அண்ணன்தான் எங்களையும் கூடத்துக்கு வரச் சொன்னார். வரச் சொன்னவர், நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு எதையாவது முளைக்க வைப்பீர்கள் என்றார். அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

உழவு மாமா எள் போடலாம் என்றார், செலவு இல்லை, தண்ணீரும் வேண்டாம். இவர் கேழ்வரகு என்றார். அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று இவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு போகம்தான். ஆடியில் போட்டதால்தான் அது மழையில் மாட்டியது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மார்கழியில் அதே கொத்து மல்லாட்டையைப் போட்டால் பங்குனிக் கடைசியில் வெயிலில் பிடுங்கலாமே என்றேன். சொல்லி முடித்ததும் மறுபடி அதே விதையா என்று எல்லோரும் நினைப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. உழவு மாமா, தண்ணீர் முறை நமக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு காணிக்கு மேல் இறைக்க முடியாது என்றார். ஒன்றரை காணி கொத்து மல்லாட்டை, ஒரு காணி எள், கிணற்றடியில் அரைக் காணி கேழ்வரகு என்று முடிந்தது. எள் மட்டும் மாசியில் விதைப்பது. யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை.

விதைக்கு ஓரகத்தி தன் அண்ணனைக் கேட்கக் கூச்சப்பட்டாள். நீயே எழுது என்று என் கணவரின் அண்ணன்தான் எனக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தார். நான் நான்கு பேர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதினேன். ஒரு கார்டில் இடம் போதவில்லை. ஓரத்தில் சுற்றி எழுதி முடித்தேன்.

மார்கழிப் பயிர் சுமாராக வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, நஷ்டமும் இல்லை. காய் வெயிலில் கலகலவென்று காய்ந்தது. அதன் பிறகு ஏழு வருஷம், அந்த நிலம் ஒன்றாக இருந்தவரை, எல்லாப் போகத்துக்கும் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்துதான் பேசினோம். சில வருஷம் கம்பு போட்டுக் குருவி தின்றது. ஒரு வருஷம் கொடி மல்லாட்டை நன்றாக விலை போனது, அண்ணன் ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனும் தம்பியும் பேசினார்கள். நிலத்தைப் பற்றி, மாட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. மில்லைப் பற்றிப் பேசவில்லை. பதினோராவது நாளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இவர் ஒருமுறை என்னிடம், அன்றைக்கு ஏன் உள்ளே போனார் என்று கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை. அண்ணனின் மூன்றாவது குழந்தைக்கு அப்போது காய்ச்சல் என்பது வீட்டுக்கே தெரியும், வைத்தியத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமல்தான் உள்ளே போனார் என்று ஓரகத்தி எனக்குச் சொல்லியிருந்தாள். அதை நான் இவரிடம் சொல்லலாமா என்று பல தடவை யோசித்தேன். சொல்லவில்லை. அந்தச் சேதியை யாரும் என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை.